முள் அசைந்தால் ஒப்பந்தம்

முள் அசையவில்லை.

பிரகாசி பட்டையை அவிழ்த்து, அவருடைய மணிக்கட்டை ஈரத்துணியால் துடைத்து, மறுபடியும் கட்டினாள். “இன்னொரு தரம் சொல்லிப் பாருங்கய்யா” என்றாள். குரலில் பதற்றம் தெரியக் கூடாது என்றுதான் நினைத்தாள். தெரிந்து தொலைத்தது.

தென்கடல் கூட்டரசின் தலைவர் பேச்சிமுத்து கண்களை மூடிக்கொண்டார். “எங்க குலசாமி பேச்சியம்மன் மேல ஆணை. தமோரா நாட்டுக் கடல் எல்லையை எங்க கப்பல் இனி தாண்டாது. நாங்க பிடிச்சு வெச்சிருக்கிற அவங்க ஆட்களை விட்டிருவோம். இது தப்பினா என் வம்சத்தை அவ கேக்கட்டும்.”

எதிர்ச் சுவரில் வட்டமான முகப்பு. அதில் ஒரே ஒரு முள். அது செத்த பல்லி மாதிரி அப்படியே கிடந்தது.

“என்னம்மா, மெஷின் ரிப்பேரா?”

“இல்லய்யா. காலையில தமோரா தலைவியம்மா கட்டிப் பார்த்தப்ப துள்ளிக் குதிச்சுது.”

“அப்ப நான்தான் ரிப்பேர்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார் பேச்சிமுத்து. பிரகாசிக்குச் சிரிப்பு வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேடை. இரண்டு நாட்டுத் தலைவர்களும் உலகமே பார்க்கப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஆணையிட வேண்டும். முள் அசைந்தால் ஒப்பந்தம். அசையாவிட்டால் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு சண்டைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

கையெழுத்தை யாரும் நம்பாத காலம் அது. தலைவர்கள் காலையில் கையெழுத்துப் போட்டுக் கைகுலுக்குவார்கள். சூரியன் சாய்வதற்குள் படையை அனுப்புவார்கள். இப்படியே போனால் மண்ணில் ஆளே மிஞ்ச மாட்டோம் என்ற நிலை வந்தபோதுதான் இந்தப் பட்டை வந்தது. மனிதன் பொய் சொல்கிறானா என்று அது பார்க்காது. பழகின பொய்யன் அந்த மாதிரிக் கருவிகளை எல்லாம் எப்போதோ ஏமாற்றிவிட்டான். சொன்ன சொல்லை மீறினால் தனக்கு மேலே இருக்கிற ஒன்று தன்னைச் சும்மா விடாது என்று உள்ளுக்குள் ஒரு நடுக்கம் வரும் பாருங்கள், அதை மட்டும் அது பிடித்துக்கொள்ளும். அந்த நடுக்கத்தை நடிக்க முடியாது. எத்தனையோ பேர் நடித்துப் பார்த்து ஊர் சிரிக்க மேடையிலிருந்து இறங்கினார்கள்.

அப்புறம் என்ன, உலக அரசியலே தலைகீழாகிவிட்டது. சாமி நம்பிக்கை இல்லாதவர்கள் எவ்வளவு யோக்கியர்களாக இருந்தாலும் தலைமைக்கு ஆகாதவர்கள் ஆனார்கள். கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் கைகாட்டுகிற ஆளைத்தான் கட்சிகள் நிறுத்தின. படித்தவரா, நிர்வாகம் தெரிந்தவரா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ‘ஆளுக்கு உள்ளுக்குள்ள பயம் உண்டா?’ இது ஒன்றுதான் கேள்வி. சுவரொட்டியில் வேட்பாளர் படத்துக்குப் பக்கத்தில் முள்ளின் படத்தைப் போட்டார்கள். உப்பளத் தொழிலாளர் சங்கத்தில் இருந்த பேச்சிமுத்துவைத் தலைவர் நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்ததும் அந்த முள்தான். பேச்சியம்மன் பெயரைச் சொன்னாலே அவருக்கு மயிர்க்கூச்செறியும். தேர்தல் நேரத்தில் அவர் கையில் பட்டையைக் கட்டியபோது முள் போய் ஓரத்தில் முட்டியதைப் பார்த்து மைதானமே எழுந்து நின்றது.

பிரகாசி டாக்டருக்குப் படித்தவள். தலைவரின் அந்த நடுக்கம் தேய்ந்து போகாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அதற்கு ‘ஆணைப் பயிற்றுநர்’ என்று ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். விரதம், தூக்கம், வருஷத்துக்கொரு தரம் குலசாமி கோயில் கொடை விழாவுக்கு ஊருக்கு அனுப்புவது, மேடைக்கு முன்னால் ஒத்திகை எல்லாம் அவள் பொறுப்பு. அவளுக்கென்று ஒரு சாமி கிடையாது. தூத்துக்குடிக் கடற்கரையில் மாதா கோயில் மணியோசையில் வளர்ந்தவள்தான். அம்மா புற்றுநோயில் கிடந்து துடித்துச் செத்த பிறகு அந்த வாசலை மிதிப்பதில்லை.

ஆனால் இந்த ஒப்பந்தம் அவளுக்கு வெறும் வேலை இல்லை. அவள் தம்பி கஸ்பார், தமோராக்காரர்கள் மடக்கிப் பிடித்த கப்பலில் இன்ஜின் அறையில் இருந்தவன். முள் அசைந்தால் அவன் வீடு வருவான். அசையாவிட்டால், பிடிபட்ட அத்தனை பேரையும் உளவாளிகள் என்று சுட்டுவிடுவோம் என்று தமோரா வானொலி வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தது.

“ஐயா, என்ன ஆச்சு உங்களுக்கு? என்கிட்டயாவது சொல்லுங்க.”

பேச்சிமுத்து ஜன்னலைப் பார்த்தார். பேச்சுவார்த்தைக்கென்றே யாருக்கும் சொந்தமில்லாத அந்தத் தீவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சுற்றிலும் கடல்.

“மாசானம் போனான்ல,” என்றார். மாசானம் அவருடைய ஒரே மகன். போன மழைக்காலத்தில் எல்லைச் சண்டையில் கடலோடு போனவன். “எம்புள்ளை போன அன்னைக்கு அவ வாசல்ல போய் நின்னு கேட்டேன் தாயி. உனக்கு நான் என்ன குறை வெச்சேன்னு கேட்டேன். பதில் இல்ல. அதிலிருந்து அவமேல எனக்குக் கோவம் இருக்கு. பயம் இல்ல. எடுக்கறதை எடுத்துட்டா, இன்னும் என்னத்த புடுங்கப் போறா?”

“ஆனா ஒப்பந்தத்தை மீற மாட்டீங்களே?”

“சத்தியமா மாட்டேன். என் புள்ளையோட போகட்டும், இன்னொருத்தன் புள்ளை சாக வேண்டாம்.”

அவர் அதை மனசாரச் சொன்னார். எந்தக் குழந்தைக்கும் அது விளங்கும். பட்டை கையில்தான் இருந்தது. முள் அசையவில்லை.

அவள் விடவில்லை. பெற்ற தாய் மேல் ஆணையிடச் சொன்னாள். கொடி மேல், நாட்டு மேல், செத்துப்போன மகன் மேல் எல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். மகன் பெயரைச் சொன்னபோது அவர் கண் கலங்கியது, அவ்வளவுதான். துக்கத்தை அந்த முள் சட்டை செய்வதில்லை.

கடைசியில் பிரகாசி மென்று விழுங்கிக்கொண்டே கேட்டாள். “வடிவு தலைமேல கை வெச்சுச் சொல்ற மாதிரி நெனச்சுப் பார்க்கலாமாய்யா?”

வடிவு மாசானத்தின் மகள். பள்ளிக்கூடத்தில் சேர்த்து இன்னும் வருஷம் திரும்பாத சின்னப் பெண்.

பேச்சிமுத்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். “அவ பேரை இங்கன எடுக்காத! ஒப்பந்தமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். பச்சப்புள்ளயப் பணயம் வெச்சு ஆளுற ஆளு நான் இல்ல. என்ன பேச்சு இது!” பட்டையைப் பிய்த்து மேசையில் எறிந்துவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிரகாசி தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. கஸ்பார் சின்ன வயதில் எதைச் செய்தாலும் ‘அக்கா, பார்த்தியா?’ என்று கேட்பான். நீச்சல் அடித்தாலும் பார்த்தியா, விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாலும் பார்த்தியா. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் தம்பி, என்ன பிரயோசனம்?

அந்தக் கோபத்தில் அவளுக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. அந்த ஆளுக்குப் பயம் போய்விடவில்லை. இடம் மாறிவிட்டது. அது இப்போது ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

தீவில் யார் கையிலும் தொலைபேசி கிடையாது. பேச்சுவார்த்தை முடியும்வரை வெளியுலகத் தொடர்பு எல்லோருக்கும் அடைப்பு. மருத்துவர் என்பதால் அவளிடம் மட்டும் உடல்நலச் செய்திக்கென்று ஒரு சின்னக் கருவி இருந்தது. அதில் செய்தி எதுவும் வரவில்லை. வராவிட்டால் என்ன?

மேடைக்கு அழைப்பு வந்தது. பேச்சிமுத்து வெள்ளை வேட்டி சட்டையில் வெளியே வந்தார். முகம் கல்லாக இருந்தது. தோற்கப்போவது தெரிந்தே நடந்தார். மண்டபத்தின் கதவருகே பிரகாசி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஐயா, வீட்டிலிருந்து செய்தி. சொல்லாம இருக்க மனசு கேக்கல. வடிவுக்கு உடம்பு சரியில்ல. காய்ச்சல் தலைக்கேறி வலிப்பு வந்திருக்காம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறாங்க.”

எவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்துவிட்டது! அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பேச்சிமுத்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “போன் போட்டுக் குடு.”

“இப்ப முடியாதுய்யா. அடைப்பு.”

“எம்மா...” என்றார். அது பிரகாசியைக் கூப்பிட்டதல்ல. உதடுகள் என்னவோ முணுமுணுத்தன. கண்கள் மேலே போய் நிலைகுத்தி நின்றன. கதவைத் திறந்துவிட்டார்கள். தூக்கத்தில் நடக்கிற ஆள் போல மேடையேறி உட்கார்ந்து கையை நீட்டினார்.

“என் குலசாமி பேச்சியம்மன் மேல ஆணை” என்று தொடங்கினார். அவ்வளவுதான். முள் எழும்பிப் போய் வட்டத்தின் ஓரத்தில் முட்டியது. மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. எதிரே இருந்த தமோராவின் தலைவி இசோரா, தலை முழுக்க நரைத்த கிழவி, கைதட்டவில்லை. எதிராளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம் இந்த மனுஷன் என்பது போலிருந்தது அந்தப் பார்வை.

பிரகாசி தூணோரமாகப் போய் நின்று அழுதாள். வெட்கமும் சந்தோஷமும் கலந்து வந்தன. கஸ்பார் வருகிறான், அவளுக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை. சாயங்காலம் போய், “காய்ச்சல் இறங்கிருச்சாம் ஐயா. கண்ணு முழிச்சுத் தண்ணி கேட்டாளாம்” என்று இரண்டாவது பொய்யையும் சொன்னாள். பெரிய மனிதர், உலகத்துக்கே தெரிந்த ஆள், குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுதார்.

மறுநாள் காலை அவள் அவருடைய அறைக்குப் போனபோது பேச்சிமுத்து குளித்துவிட்டு, வெறுங்காலோடு, ஒரு துணிப்பையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் அப்படித் தெளிந்திருந்தது. மாசானம் போவதற்கு முன்னால் அவரை அவள் அப்படிப் பார்த்ததுண்டு.

“எங்கய்யா கிளம்பிட்டீங்க?”

“ஊருக்கு. மத்தியானப் படகுல. பதவியை விட்டுட்டேன்னு ஒப்பந்தப் பதிவாளர்கிட்ட சொல்லியாச்சு.”

அவளுக்குத் தலை சுற்றியது. “என்னய்யா சொல்றீங்க?”

“நேத்து அந்தக் கதவுகிட்ட நின்னு வேண்டிக்கிட்டேன் தாயி. எம்மா பேச்சி, இந்தப் புள்ளய மட்டும் விட்டுரு, இந்த நாற்காலிய உதறிட்டு உன் வாசலுக்கு நடந்தே வாரேன், மொட்டை போட்டு அங்கனயே கிடக்கேன்னு நேந்துக்கிட்டேன். விட்டுட்டால்ல? நேர்த்திக்கடன் நேர்த்திக்கடன்தான்.”

“ஐயா, ஆணை போட்டது நீங்க! நீங்க பதவியில இருக்கிற வரைக்கும்தான் அது செல்லும். கைதிங்க கப்பல் நாளைக்குத்தான் தமோராவிலிருந்து கிளம்புது. இன்னைக்கு நீங்க விலகினா அது கிளம்பவே கிளம்பாது. என் தம்பி அதுல இருக்கான்யா!”

“தெரியும்மா.” அவர் குரல் தாழ்ந்தது. “ராத்திரி பூரா அதத்தான் யோசிச்சேன். வேற ஒருத்தர் ஆணை போட்டா செல்லும்னு பதிவாளர் சொல்றாரு. நம்ம மந்திரிங்க சிதம்பரதாணு இருக்காரு, மரைக்காயர் இருக்காரு.”

“ரெண்டே ரெண்டு நாள் தள்ளிப் போடுங்க. உங்க காலைப் பிடிக்கிறேன்.”

“ஐயோ, தள்ளிப் போடறதா!” அவர் நிஜமாகவே பதறினார். “நேந்ததைத் தள்ளிப் போட்டா அவ புள்ளைய விட்டு வைப்பாளா? இன்னொரு தரம் வலிப்பு வந்தா? என்னால முடியாது தாயி. எனக்குப் பயமா இருக்கு.”

பயமாக இருக்கிறதாம்! அவள் பாடுபட்டு அவருக்குத் திருப்பிக் கொடுத்த பயம். பிரகாசிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இனி மறைத்துப் பயனில்லை.

“ஐயா, வடிவுக்கு ஒண்ணுமில்ல. காய்ச்சலும் இல்ல, வலிப்பும் இல்ல. நான் பொய் சொன்னேன். முள் அசையணும்னு சொன்னேன். என்னை ஜெயில்ல போடுங்க, வேலையைப் பறிங்க, ஆனா நாற்காலியை மட்டும் விட்டுராதீங்க. நீங்க யாருக்கும் கடன்படல.”

கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தாள். அவர் அவள் தலையில் கை வைத்தார்.

“தம்பிக்காகப் பொய் சொல்ற. உன் எடத்துல நான் இருந்தாலும் சொல்லுவேன்.”

“நேத்து சொன்னதுதான்யா பொய்! இது நிஜம்!”

“சரி, கேட்டுருவோமே. பதவியை விட்டவனுக்கு அடைப்பு கிடையாதாம், வீட்டுக்குப் பேசலாம்னு பதிவாளர் சொன்னாரு.” அவர் பதிவாளர் கொடுத்திருந்த போனை எடுத்து, அவளும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார். அவருடைய மருமகள் கமலினி எடுத்தாள்.

“அம்மா கமலினி, புள்ள எப்படி இருக்கா?”

“மாமா, உங்களுக்கு யார் சொன்னா?”

பிரகாசி மேசைப் பக்கம் குனிந்தாள்.

“முந்தி நீ சொல்லு.”

“நேத்து மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தா, உடம்பு அனலா கொதிச்சுது மாமா. நீங்க மேடைக்கு வாரதைக் காட்டப் போறாங்கன்னு டிவி முன்னாடி உக்கார வெச்சேன். பார்த்துக்கிட்டே இருக்கேன், கண்ணு சொருகிருச்சு, கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது. தூக்கிட்டு ஓடினேன். சாயங்காலம்தான் கண்ணைத் தொறந்து தண்ணி கேட்டா. இப்ப நல்லாயிட்டா. நீங்க கலங்கக் கூடாதுன்னு யார்கிட்டயும் மூச்சு விடல. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நம்ம பிரகாசி சொல்லுச்சு. பொய்னு நெனச்சுச் சொல்லியிருக்கு.”

பிறகு கமலினி மெதுவாக, மரியாதையாகவே சொன்னாள். “அந்தக் கருநாக்குக்காரியை இனிமே என் புள்ள பேரைச் சொல்ல வேண்டாம்னு சொல்லுங்க மாமா.”

போனை வைத்த பேச்சிமுத்துவின் முகத்தில் கோபமே இல்லை. “நீ சொல்லி அவ செஞ்சாளா, அவ செஞ்சதைத்தான் நீ சொன்னியா, யாருக்குத் தெரியும்? நமக்கு எதுக்கு அந்த ஆராய்ச்சி. நான் வாரேன் தாயி.” துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு கல்படிகளில் இறங்கிப் படகுத்துறைக்குப் போய்விட்டார்.

மழைக்காலம். ஊரில் எந்தக் குழந்தைக்குத்தான் காய்ச்சல் வராது? தற்செயல், பிரகாசி, தற்செயல். டாக்டர்தானே நீ? இப்படி அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வலிப்பு, ஆஸ்பத்திரி, அதே நேரம், தண்ணீர் கேட்டது? அதுவும் தற்செயல்தான். சொல்லச் சொல்லக் கை நடுங்கியது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். அதுவும் நடுங்கியது.

மண்டபத்தில் மறுபடியும் கூட்டம். பதிவாளர், எந்த நாட்டையும் சேராத மெலிந்த மனிதர், விதியை வாசித்தார். ஆணையிட்டவர் விலகினால் அவருடைய குழுவில் ஒருவர் தலைமைப் பொறுப்பை ஏற்று அதே ஆணையைப் புதிதாக இடலாம். பொழுது சாய்வதற்குள் இட வேண்டும்.

அமைச்சர் சிதம்பரதாணு முதலில் வந்தார். நெற்றியிலும் கைகளிலும் பட்டை பட்டையாகத் திருநீறு, கழுத்தில் பெரிய உருத்திராட்சம். கேமராவுக்கு நேராகத் திரும்பிக் கண்மூடி, கணீரென்று சிவபெருமான் மேல் ஆணையிட்டார். முள் அசையவில்லை. குரலை உயர்த்திச் சொன்னார். அசையவில்லை. “இங்க ஏசி ரொம்ப ஜாஸ்தி, கை விறைச்சுப் போச்சு” என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். தமோராக்காரர்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அடுத்து நெய்னா மரைக்காயரைப் பார்த்தார்கள். அவர் பட்டையைத் தொடவே இல்லை. “எனக்கு முள் அசையும்” என்றார் அமைதியாக. “ஆனா இந்த எல்லை நமக்கு அநியாயம்னு மந்திரிசபையில எதிர்த்துப் பேசினவன் நான். காப்பாத்த மனசில்லாத வாக்குக்கு அல்லாஹ் பேரைச் சொல்ல மாட்டேன். மன்னிச்சுக்கிடுங்க.”

அந்த மண்டபத்தில் அன்றைக்கு யாரும் பேசியதில் யோக்கியமான பேச்சு அதுதான். பிரகாசிக்கு அது புரிந்தது. அந்த யோக்கியத்தால் தன் தம்பி செத்துப்போவான் என்பதும் புரிந்தது.

“குழுவில் வேறு யாராவது?” என்று பதிவாளர் கேட்டார். இசோரா எழுந்திருக்கத் தயாராகக் கைத்தடியை எடுத்துக்கொண்டாள்.

“நான்” என்றாள் பிரகாசி.

சிதம்பரதாணு வாயைப் பிளந்தார். “ஏம்மா, உனக்குச் சாமியே கிடையாதேம்மா!” அவள் காதில் அது விழவில்லை. போய் உட்கார்ந்து, இத்தனை வருஷம் அடுத்தவர்களுக்குக் கட்டிவிட்ட பட்டையைத் தன் கையில் தானே கட்டிக்கொண்டாள்.

“எதன் மேல் ஆணை?” பதிவாளர் கேட்டார்.

அம்மா சொல்லிக்கொடுத்த பெயர்கள் எல்லாம் மனதில் வந்தன. ஒன்றிலும் பயமில்லை. அவளுக்கு இப்போது எதைக் கண்டு பயம் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது வாய்க்குள்தான் கிடந்தது.

“என் நாக்கு மேல ஆணை” என்றாள். மொழிபெயர்ப்பைக் காதில் கேட்டுக்கொண்டிருந்த தமோராக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “தமோரா எல்லையை எங்க கப்பல் இனி தாண்டாது. பிடிச்சவங்களை விட்டிருவோம். இது தப்பினா...”

நின்றுவிட்டாள்.

“தண்டனையைச் சொல்லி முடிக்க வேண்டும்” என்றார் பதிவாளர். “தப்பினால் யாருக்கு என்ன ஆகட்டும்? அது விதி.”

என்ன சொல்வது? சொன்னால் நடந்துவிடுமே! வடிவின் பெயரைச் சொன்னாள், வடிவுக்கு நடந்தது. இப்போது எதைச் சொன்னாலும் அது எங்கோ காத்துக் கிடந்து நடக்கும். ‘என்னை’ என்று சொல்லிவிடலாம், அதுதான் நியாயம் என்று வாயைத் திறந்தாள். திறந்தால் நாக்கின் நுனியில் வந்து நின்றது வேறு பெயர். ராத்திரி பகல் அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது அந்த ஒரே பெயர்தானே, வேறு எது வரும்? ‘க’ என்ற எழுத்து பல்லைத் தாண்டுவதற்குள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுவரில் முள் ஓரத்தில் முட்டி முட்டித் துடித்தது. இதுவரை எந்தத் தலைவருக்கும் அது அப்படித் துடித்ததில்லை. யாரும் கைதட்டவில்லை.

“முடிக்கவில்லையே” என்றார் பதிவாளர்.

இசோரா கைத்தடியால் தரையைத் தட்டினாள். “முடிக்க வேண்டாம், விடுங்கள் அந்தப் பெண்ணை. எனக்கு இது போதும். கப்பலை அனுப்பச் சொல்லுங்கள்.”

கப்பல் வந்தது. பிடிபட்டவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கஸ்பார் பாதியாக இளைத்து, தாடியோடு, பலகையில் தட்டுத்தடுமாறி வந்தான். கூட்டத்தில் அவளைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

“அக்கா! ஏக்கா, பார்த்தியா, வந்துட்டேன் பார்த்தியா!”

அவள் அவன் முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டாள். கன்னம், நெற்றி, காது என்று தடவித் தடவிப் பார்த்தாள். கண்ணீர் தாரையாக ஓடியது.

“என்னக்கா, பேச மாட்டேங்கிற? அங்க படுத்துக் கிடக்கும்போதெல்லாம் நீ பேரு சொல்லிக் கூப்பிடற மாதிரியே இருக்கும். ஒரு தடவை கூப்பிடேன்.”

அவள் தலையை ஆட்டினாள்.

கஸ்பார் பயந்துபோய்ப் பக்கத்தில் நின்ற சிதம்பரதாணுவைக் கேட்டான். “அக்காவுக்கு என்ன ஆச்சுங்கய்யா?”

“அவங்க இப்ப நம்ம நாட்டுத் தலைவர் தம்பி. உலகத்திலேயே அவங்க ஆணைதான் கெட்டியான ஆணைன்னு ஊரெல்லாம் பேச்சு” என்றார் சிதம்பரதாணு. “தலைவருங்க அதிகம் பேச மாட்டாங்க.”

“எங்கக்காவா? வாய் ஓயாதே அவளுக்கு!” கஸ்பார் சிரித்துக்கொண்டு அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். “ஏக்கா, சும்மா ‘கஸ்பாரு’ன்னு ஒரே ஒரு தடவை.”

பிரகாசி அவனை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். வாயை மட்டும் திறக்கவில்லை.